கடைசி டிரெய்லர் போகும்வரை

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சி,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது? அங்கே உன் ரத்த அழுத்தமும் மாப்பிள்ளையின் இருமலும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நம் இருவரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

உன் மீன்வள அலுவலகத்துப் பெண் ஒருத்தி இங்கே படகுத்துறைக்கு வந்திருந்தாள். தலையில் தொப்பி, கையில் அளவுப் பலகை. தூண்டில் போட்டுவிட்டுக் கரையேறுகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினாள். மீனை வாங்கிப் பலகையில் படுக்கவைத்து அளந்தாள். எத்தனை பிடித்தீர்கள், எத்தனையைத் திருப்பி விட்டீர்கள், பெட்ரோலுக்கும் இரைக்கும் தங்குவதற்கும் எவ்வளவு செலவு என்று கேட்டாள். பெண்டாட்டியிடம் சொல்லாத கணக்கையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிறகு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய், காருக்குப் பின்னால் படகை ஏற்றி இழுத்துவரும் டிரெய்லர்களில் காலியாக நிற்பவற்றை எண்ணினாள். எதற்கென்று கேட்டேன். ஒரு டிரெய்லர் காலியாக நின்றால் அதில் வந்த படகு கடலில் இருக்கிறது என்று அர்த்தமாம்.

இதைத்தானே நம் துறைக் காவலாளி இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார் என்றேன். அவர் எண்ணுவது வேறு காரணத்துக்கு. பொழுது சாயும்போது ஒரே ஒரு டிரெய்லர் நின்றாலும் படகுகளுக்கு வழிகாட்டும் துறைப் பாலத்து விளக்கை அவர் அணைக்கக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது. இருட்டியும் ஆள் வரவில்லை என்றால் மீட்புப் படகைக் கூப்பிட வேண்டும். கடைசி டிரெய்லர் போகும்வரை மனிதர் அங்கேயே கிடக்கிறார். வீட்டில் தினமும் வசவு.

விளையாட்டு போகட்டும். இனி யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று வளைகுடாவை மூடத்தான் இந்தக் கணக்கு என்று என் தூண்டில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? நீ சொன்னால் நம்புவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அவருடைய இருமல் நின்றுவிட்டது, என் ரத்த அழுத்தம் உன் கடிதம் வரும்வரை சரியாகத்தான் இருந்தது. முழங்காலுக்கு வைத்தியரிடம் போ. தைலக் கடைக்காரர் வைத்தியர் இல்லை.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். தொழிலுக்கு மீன் பிடிக்கிறவர்கள் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஏலக்கூடத்தில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குத் தூண்டில் போடுகிறவர்களை இதுவரை யாரும் எண்ணியதில்லை. ஒருவர் இரண்டு மீன் கொண்டுபோனால் கடல் வற்றிவிடுமா என்று தோன்றும். அப்படி நினைத்து இரண்டிரண்டு மீன் கொண்டுபோகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை. அவர்களால் ஊரில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம். அதில் உன் கடையும் வரும்.

உங்கள் வளைகுடாவில் பிரச்சினை கொடுவா மீன். அந்தப் பெண் அளந்த கொடுவாக்களில் முட்டையிடுகிற பருவத்துக்கு வந்தது அநேகமாக ஒன்றுமில்லை. எல்லாம் குஞ்சுகள். தூண்டில்காரர்கள் எடுப்பது ஓர் எல்லையைத் தாண்டினால் இரண்டு வருஷம் வளைகுடாவை மூடுவார்கள். தாண்டாவிட்டால் திறந்திருக்கும். முடிவு என்னுடையது இல்லை. எண்ணைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவது நான்.

ஆகவே இதைப் பற்றி இனிமேல் என்னிடம் கேட்காதே. ஆபீசில் நீ எனக்கு அண்ணன் இல்லை.

உன் மாப்பிள்ளை படகுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கிறார். வீட்டுச் சுவர் அப்படியே இருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கச்சி


மார்ச் 20

அன்புத் தங்கச்சி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் சுகம். வைத்தியரிடம் போனேன். உடம்பு எடையைக் குறைக்கச் சொன்னார். தைலக் கடைக்காரர் அப்படியெல்லாம் மனம் நோகப் பேசமாட்டார்.

கடைக்குப் பின்னால் கொல்லை முழுக்கச் சிவப்புச் சரளை கொட்டினேன். அண்ணியின் துணிக்கொடியையும் பூந்தொட்டிகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருந்தது. மழை பெய்தால் சேறாகிறது, அதனால்தான் சரளை.

உன் கணக்கில் என் கடையும் வரும் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் ஐஸ் விற்கிறவரையும் போட்டுக்கொள். டீக்கடைக்காரரையும், விடுதியில் பாய் விரிக்கிற அம்மாவையும், என்ஜின் ரிப்பேர்க்காரரையும் போட்டுக்கொள். மீனை அளக்கிற பலகையில் இவர்களையும் படுக்கவைத்து அளக்க முடியுமா என்று பார்.

காவலாளி இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆள் கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறார்.

மாப்பிள்ளை இரண்டு தடவை வந்தார். டீ குடித்தார், சிரித்தார், கடலுக்குப் போனார். அவருக்குள் எதைப் போட்டாலும் வெளியே வராது. தங்கமான மனிதர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்துக்கு எழுது.

போன மாதத்திலிருந்து உன் துறையில் டிரெய்லர்கள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. பருவம் முடியவில்லை, பெட்ரோல் விலை ஏறவில்லை. விமானத்திலிருந்து எடுத்த படங்கள் என் மேஜையில் இருக்கின்றன. அவற்றில் வளைகுடா நிறையப் படகுகள். கரையில் டிரெய்லரே இல்லாமல் அத்தனை படகும் எங்கிருந்து வந்தன?

இரண்டு கேள்வி கேட்கிறேன். உன் கடையில் இரை விற்பது குறைந்திருக்கிறதா? உன் துறையைவிட்டு வேறு எங்காவது படகை இறக்குகிறார்களா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுது. கடையில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் களைத்துப்போய் வந்து படுத்துவிட்டார். டிரெய்லரை நானே கழுவினேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். கொடியை அவிழ்த்துவிட்டாயே, துணியை எங்கே காயப்போடுகிறாள்?

உன் தங்கச்சி


மே 6

அன்புத் தங்கச்சி,

நலம், நலம். முழங்கால் அப்படியேதான்.

கடலுக்கு வேலியா போட்டிருக்கிறது? படகு எங்கிருந்தும் வரலாம். அடுத்த துறையிலிருந்து வரலாம், அதற்கடுத்த துறையிலிருந்தும் வரலாம். விமானத்திலிருந்து பார்க்கிறவருக்கு எது யாருடையது என்று தெரியுமா?

இரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அண்ணி உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். நீலமா, பச்சையா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு இதைப் பற்றிப் பேசமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தூண்டில் முள் விற்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. இரண்டு வருஷம் மூடினால் மூன்றாவது வருஷம் திறக்க என் கடை இருக்காது. இந்த வயதில் யாருடைய கடையில் போய் நிற்பேன்? அதிலும் மூடச் சொல்லும் தாளில் என் தங்கச்சியின் கையெழுத்து இருந்தால் எப்படித் தாங்குவேன்?

நிறத்தை மறக்காமல் எழுது.

உன் அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இரவில் சரியாகத் தூக்கமில்லை, வேறொன்றுமில்லை.

எண்ணை அனுப்பிவிட்டேன். எல்லைக்குக் கீழே இருக்கிறது. வளைகுடா திறந்திருக்கும். மேலதிகாரி என் எதிரே உட்கார்ந்து, இது உறுதிதானா என்று கேட்டார். உறுதிதான் என்றேன். துறையில் எண்ணி எனக்கு அனுப்பியதை வைத்துத்தானே நான் கணக்குப் போட முடியும். எனக்கு நன்றி சொல்லி எழுதிவிடாதே, தயவுசெய்து.

நீயும் அண்ணியும் வருகிற இரண்டாம் சனிக்கிழமை இங்கே வாருங்கள். கடையை ஒரு நாள் பூட்டினால் குடி முழுகிவிடாது. முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, நேரிலேயே சண்டை போடலாம். உன் மாப்பிள்ளை அன்று விடியற்காலையிலேயே உன் துறைக்குப் போய், உங்களுக்கென்று தன் கையால் மீன் பிடித்துக்கொண்டு வரப்போகிறாராம். பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பேன் என்கிறார். மச்சானுக்கு மீன் கொடுத்து அனுப்புவது கடலுக்கே உப்பு கொடுப்பது மாதிரி என்றேன், கேட்கவில்லை.

ஸ்வெட்டர் நீலம்.

உன் தங்கச்சி


ஜூன் 29

தங்கச்சி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடுகிறாயா? அதை மட்டுமாவது சொல்.

நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். படகு கவிழ்ந்து கிடந்த இடத்திலிருந்து வளைகுடா முனைக்கு அப்பால்வரை போய்ப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கிடைக்கவில்லை. நானும் தினமும் கூடப் போனேன். கிடைத்தவை அவர் ஐஸ் பெட்டியும் ஒரு செருப்பும். பெட்டி மூடியிருந்தது. உள்ளே நமக்காகப் பிடித்த மீன் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலையே எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நாம் மூன்று பேரும் உன் வீட்டில் அவருக்காக உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது, காற்று மாறிவிட்டது. அவருக்குப் போன் போகவில்லை, வளைகுடா முனையைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. நீ துறைக்குப் போன் செய்தாய். "டிரெய்லர் ஒண்ணுகூட இல்லம்மா, எல்லாரும் கரையேறிட்டாங்க. விளக்க அணைச்சிட்டு நானும் கிளம்பறேன்" என்றார் காவலாளி. நீ போனை வைத்துவிட்டு எங்களிடம் அதை அப்படியே சொன்னாய். வழியில் வந்துகொண்டிருப்பார், சாப்பிடலாம் என்றாய்.

சாப்பிட்டோம்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. அண்ணி அங்கே வந்து உன்னோடு இருக்கிறேன் என்கிறாள். வரட்டுமா?

அண்ணன்


ஜூலை 24

தங்கச்சி,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்பு எப்படியிருக்கிறது?

போன கடிதத்தில் நிறுத்தியதை இதில் எழுதிவிடுகிறேன். அவருடைய காரும் டிரெய்லரும் என் கொல்லையில் நின்றன. மார்ச்சிலிருந்து எல்லாருடையதும் அங்கேதான் நின்றன. படகைச் சரிவில் இறக்கிவிட்டு டிரெய்லரை என் கொல்லையில் விட்டுவிடுங்கள், எண்ணுகிறவள் கண்ணில் படவேண்டாம் என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். அதற்குத்தான் சரளை. மாப்பிள்ளைக்கு முதலில் பிடிக்கவில்லை. "அவளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் மச்சான்?" என்றார். தெரியவே தெரியாது என்று சொல்லிக் கொல்லைக் கதவுக்கு அவருக்கென்று ஒரு சாவியும் கொடுத்தேன். நான் இல்லாத அன்றைக்கும் பழக்கத்தில் அங்கேயே விட்டிருக்கிறார்.

நீ போனை வைத்த அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. துறையில் டிரெய்லர் இல்லை என்பதற்கு அவர் கரையேறிவிட்டார் என்று அர்த்தமில்லை. காவலாளியை நிறுத்து, விளக்கை அணைக்க விடாதே என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கணக்குக் கேட்கிற நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். இப்போது வந்துவிடுவார், இப்போது வந்துவிடுவார் என்று தட்டைக் காலி செய்தேன். பிறகு முழங்காலுக்கு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லித் தெருமுனைக்குப் போய் மீட்புப் படகுக்குப் போன் செய்தேன். அதற்குள் காற்று முழு வேகம் பிடித்துவிட்டது. அவர்கள் உன்னைக் கூப்பிட்டபோதுதான் உனக்கு விஷயமே தெரிந்திருக்கும். மீட்புப் படகை ஓட்டுகிறவர் என்னிடம், விளக்கு எரியும்போதே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டப் போனார்.

கொல்லைக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இப்போது எல்லா டிரெய்லரும் துறையிலேயே நிற்கின்றன. காரை உன்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். மாப்பிள்ளையின் டிரெய்லர் மட்டும் கொல்லையில் தனியாகக் கிடந்தது, பார்க்க முடியவில்லை. அதையும் இழுத்துக்கொண்டுபோய்த் துறையில் நிறுத்தினேன். போன வாரம் உன் அலுவலகத்துப் பெண் வந்து எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அது என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும்.

திட்டியாவது எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் உடம்பு தேறியிருக்கிறதா, அம்மா? ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளமாகிவிட்டது, மடித்துப் போட்டுக்கொள்.

இவர் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார். கடையை நேரத்தோடு திறப்பதில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் அதே மேஜையில்தான் இருந்தேன். எனக்கும் எல்லாம் தெரியும், நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரருடைய டிரெய்லர் துறையில் நிற்கிறதால் காவலாளி வீட்டுக்குப் போவதே இல்லை. டிரெய்லர் நிற்கிறவரை விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறார். அன்றைக்கு அணைத்தது அவர் கை அல்லவா? அவர் மனைவி சாப்பாட்டைப் பாலத்துக்கே கொண்டுவருகிறாள், திட்டுவதில்லை. டிரெய்லரை எடுத்துவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். அதை எடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்கிறார்.

எழுது அம்மா.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். ஸ்வெட்டர் வந்தது, கையை மடித்துப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அலுவலக விஷயம். திருத்திய எண்ணை அனுப்பிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வளைகுடாவை மூடுகிறார்கள், இரண்டு வருஷம். முந்தைய எண் ஏன் தவறு என்று விளக்கம் கேட்டார்கள். எல்லாவற்றையும் எழுதினேன், என்னைப் பற்றியும் எழுதினேன். விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. உன் கடை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன்.

இனி உனக்கு. ஏப்ரலில் டிரெய்லரை நானே கழுவினேன் என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? டயர் இடுக்கெல்லாம் சிவப்புச் சரளை. துறையில் போட்டிருப்பது தார். எங்கள் தெருவும் தார். சிவப்புச் சரளை கொட்டினேன் என்று நீ எழுதிய கடிதம் உள்ளே மேஜைமேல் இருந்தது. ஒவ்வொரு கல்லாகக் குச்சியால் நோண்டி எடுத்தேன். குழாயைப் பீய்ச்சி, தரையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உன்னிடம் இரண்டு கேள்வி கேட்டேன். நீ பொய் சொன்னால் அந்தப் பொய்யின்மேல் கையெழுத்துப் போடலாம் என்று கேட்டேன். நீ பொய்கூடச் சொல்லவில்லை, நிறம் கேட்டாய். நான் அதன்மேலும் கையெழுத்துப் போட்டேன்.

அன்று காவலாளி ஒன்றுமில்லை என்றபோது நீ மட்டும் புரிந்துகொண்டதாக நினைக்கிறாய். எனக்கும் அதே நொடியில் புரிந்தது அண்ணா. போன் இன்னும் என் காதில் இருந்தது. "எங்க அண்ணன் கொல்லையில போய்ப் பாருங்க." இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று ஆகிவிடும். அதனால் போனை வைத்தேன். நீ சொல்லிவிடுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உனக்குப் பரிமாறினேன். நீ நிமிரவே இல்லை. மாத்திரை வாங்கக் கிளம்பினாயே, அப்போது எனக்கு உயிர் வந்தது. இத்தனை மாதமும் உன்மேல் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. இதை எழுதத் தைரியம் வரவில்லை.

உன் துறையிலிருந்து கடைசியாக வந்த கணக்கில் ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு டிரெய்லர் மிச்சம் வருகிறது. அந்தப் பெண் பக்கத்தில் 'அதே வண்டி' என்று குறித்திருந்தாள். ஒரு வாரமாக அசையாத வண்டியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி, அந்த விதியை எழுதியவளே நான். என்னால் கழிக்க முடியவில்லை. அந்த ஒன்றையும் சேர்த்தேதான் அனுப்பினேன். ஒரு டிரெய்லர் நின்றால் ஒரு ஆள் இன்னும் கடலில் இருக்கிறான் என்று அர்த்தம், இல்லையா?

அண்ணி எனக்கு எழுதினாள், அவளைக் கோபிக்காதே. நீயும் அவளும் வாருங்கள். கடை பூட்டித்தானே இருக்கும். வரும்போது அவருடைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வா, அதை மாட்டும்போது முழங்கால் பத்திரம். இங்கே வாசலில் இடம் இருக்கிறது.

காவலாளி வீட்டுக்குப் போகட்டும்.

உன் தங்கச்சி